வயர் இல்லாத பிறேக்குகளும் நாங்களும்

சைக்கிளின் சாமான்கள் வயர் இல்லாமலே ஒன்றோடொன்று கதைக்கும் என்று எனக்கு முதன்முதல் சொன்னது என்ர மகன் கிறிஸ்ரி. பெற்றோல் இல்லாமல் திருகோணமலை முழுக்க மோட்டார் சைக்கிள்களை வரிசையில் தள்ளிக்கொண்டு நின்ற அந்த வருசம், ஒரு பின்னேரம், கடை மேசையில் ஒரு சின்னப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னான். "அம்மா, பிறேக் கட்டையில, கை பிடிக்கிற இடத்தில இருக்கிற இந்தக் குமிழ் சொல்லும், சீற்றுக்குக் கீழ இருக்கிற பெட்டி கேக்கும். உடன மோட்டர் நிக்கும். இடையில ஒண்டும் இல்லை." நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இடையில் ஒன்றும் இல்லாமல் ஒருவர் சொல்ல ஒருவர் கேட்கிறது செபத்தில் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

சைக்கிள் கடைத் தொழில் எப்படியென்றால், ஓடாத சைக்கிளைக் கொண்டுவருகிறவர் எங்களை ஏசுவார்; நிற்காத சைக்கிளைக் கொண்டுவருகிறது அவருடைய வீட்டு ஆட்கள். போன் கடை, ரேடியோக் கடை, மணிக்கூட்டுக் கடை என்று மேசைக்குப் பின்னால் நின்று மற்றவர்களின் கோபத்தை வாங்குகிற என்னைப் போன்ற ஆட்களுக்கு இது தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கிண்ணியாவில் ஒரு பிள்ளை பிறேக்கைப் பிடித்தான், சைக்கிள் நிற்கவில்லை. அந்தப் பிறேக்கைச் சைக்கிளில் பூட்டிக் கொடுத்தது கிறிஸ்ரி. பிழை என்ர பிள்ளையுடையதா இல்லையா என்று தெரியாமல் நான் இருந்த நாட்களைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்த சிலதைச் சொன்னால்தான் அது விளங்கும்.

உப்புக் காற்று

எங்கட கடை உட்துறைமுகப் பக்கம். வீடு பாலையூற்றில். கடைக்கு எதிரே கடல் தெரியாது, ஆனால் அதின் உப்பு வரும். சைக்கிளில் மோட்டர் பூட்டத் தொடங்கின காலத்தில் பிறேக் கட்டையில் இருந்து மோட்டருக்கு மயிர் மாதிரி மெல்லிய வயர் ஒன்று போகும். பிறேக்கைப் பிடித்தால் மோட்டர் இழுக்கிறதை விட்டுவிட வேண்டும். அதைப் போய்ச் சொல்லுகிறது அந்த வயர்தான். நாலு மாதத்தில் அது உள்ளுக்குள்ளே பச்சை பிடித்து அறுந்துபோகும். ஆட்கள் பிறேக்கைப் பிடிப்பார்கள், மோட்டர் அது தெரியாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கிறிஸ்ரி வயர் இல்லாததை எடுப்பித்தான்.

என்ர அவருக்கு, மரியதாசுக்கு, அது பிடிக்கவில்லை. சைக்கிளோடு வயது போனவர். முதல் பூட்டின சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறேக் கட்டையில் இருந்து பெட்டி வரைக்கும் மீன் பிடிக்கிற தங்கூசி நூல் ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டார். சைக்கிளுக்குச் சொந்தக்காரர் வந்து, "இது என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டார். கிறிஸ்ரி தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். என்ர அவர் சிரிக்கவில்லை. நூலை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "அறுந்த வயரை நான் கண்டுபிடிப்பன் தம்பி. இல்லாத வயர் அறுந்தா எங்க போய்த் தேடுறது?"

சீனி பார்க்கிற மெசின்

பிறேக் கட்டையில் இருக்கிற குமிழுக்குள் ஒரு வட்டப் பற்றறி இருக்கும், சட்டைப் பொத்தான் மாதிரி. அது செத்தால் குமிழ் ஊமை. மோட்டருக்கு ஒன்றும் கேட்காது. அதனால் குமிழ் சரியா என்று எல்லாரும் அடிக்கடி பார்க்கவேண்டும் என்று நாங்கள் சொல்லி அனுப்புவோம். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

உவர்மலையில் இருந்து ஒரு பென்சன்காரர் வருவார். நல்ல மனிசன், வெள்ளைச் சட்டை, மெதுவான கதை. ஒருநாள் முழங்கால் இரண்டும் உரஞ்சுப்பட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கிறிஸ்ரி குமிழைத் திறந்து பார்த்தான். உள்ளே பற்றறி இல்லை. செத்துப் போகவில்லை, ஆளே இல்லை. "ஐயா, இது எங்க?" என்றான். அவர் கதிரையில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். மனைவிக்குச் சீனி வருத்தமாம். இரத்தத்தில் சீனி பார்க்கிற மெசினுக்கும் அதே பற்றறிதானாம். ஊர் முழுக்கத் தேடியும் கடைகளில் கிடைக்கவில்லையாம். அந்த நாட்களில் என்னதான் கிடைத்தது? நான் தண்ணீர் கொடுத்து, "அதுக்காக உங்கட பிறேக்கில இருந்தா எடுக்கிறது?" என்று கேட்டேன். கோபமாக இல்லை, பயத்தில் கேட்டேன். அவர் கிளாசைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "நான் விழுந்தா எழும்பி வருவன் பிள்ளை. அவ விழுந்தா எழும்பமாட்டா."

சிவப்பு லைற்

பிறேக்கைப் பிடித்தால் மோட்டர் நிற்கிறதோடு சைக்கிளின் பின்னால் ஒரு சிவப்பு லைற்றும் எரியும். குமிழ் சொன்னது பெட்டிக்குக் கேட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. இந்த லைற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ.

ஈச்சிலம்பற்றில் இருந்து ஒரு தம்பி. வயலும் மீனும் செய்கிறவன், நாற்பது வயது இருக்கும். சீனன்குடாப் பக்கம் ஆள் போகக்கூடாத படை முகாம் வேலிக்கு அருகே சைக்கிளோடு நின்று, முந்திப் போன பஸ்சுக்குக் கை காட்டியிருக்கிறான். கை காட்டினபோது மற்றக் கை பிறேக்கைப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டிருக்கிறது. பின்னால் சிவப்பு மின்னியிருக்கிறது. காவலுக்கு நின்ற பொடியங்கள் வந்து, சீற்றுக்குக் கீழே பெட்டியையும் கண்டுவிட்டார்கள். பெட்டி இருக்கிறது, லைற் இருக்கிறது, வயர் இல்லை. குண்டோ என்று பயந்து, அவனை வெயிலுக்குள் முழங்காலில் இருக்க வைத்துவிட்டுக் கடைக்குப் போன் பண்ணினார்கள்.

கிறிஸ்ரியும் என்ர அவரும் போய் விளங்கப்படுத்தினார்கள். பெட்டியைத் திறந்து காட்டி, பிறேக்கைப் பிடித்துக் காட்டி, தெரிந்த சிங்களத்தில் சொல்லி முடிய ஒரு பொடியன் தானே பிறேக்கைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தானாம். விட்டுவிட்டார்கள். அந்தத் தம்பியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தேன், பாதி காற்சட்டையில் ஊற்றுப்பட்டது. துடைத்துக்கொண்டே சொன்னான்: "சண்டை நடந்த நாளையில வயர் வச்சிருந்ததுக்கு அடிச்சாங்கள் அன்ரி, இப்ப வயர் இல்லாததுக்கு மறிக்கிறாங்கள்."

சோடி சேர்க்கிறது

இனி இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கோ. ஒரு பெட்டி தன்னுடைய குமிழ் சொல்லுறதை மட்டும்தான் கேட்கும். எது தன்னுடையது என்று அதுக்கு நாங்கள்தான் முதலில் காட்டவேண்டும். பெட்டியைக் காது கொடுக்க வைத்துவிட்டு, பிறேக்கைப் பிடிப்போம். முதல் கேட்கிற குமிழைப் பெட்டி பிடித்துக்கொள்ளும். அதுக்குப் பிறகு வேறு எதையும் கேட்காது. எங்கட கடையில் இதுக்குப் பெயர் சோடி சேர்க்கிறது. ஒரு சைக்கிளுக்குச் சோடி சேர்க்கும்போது கடையில் நிற்கிற மற்றச் சைக்கிள்களின் பெரிய பற்றறியை எல்லாம் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் குமிழை மற்றதின் பெட்டி பிடித்துக்கொள்ளும். இது கிறிஸ்ரி வைத்த சட்டம். அவனே அதை மீறினதை நான் கண்டதில்லை.

நௌபரும் றிஸ்வானும் கிண்ணியா ஆட்கள், அண்ணனும் தம்பியும். அங்கே அண்ணனை நானா என்பார்கள். சீனன்குடாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை, இரண்டு பேருக்கும் ஒரே நேரம். ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு சைக்கிளுக்கு மோட்டர் பூட்ட வந்தார்கள். நௌபர் கதை குறைவு. படகுக் கயிறு நசித்து வலக்கையில் நடுவிரல் மடங்காது. றிஸ்வான் வாய் ஓயாதவன். நானா தேத்தண்ணி குடித்தால்தான் தானும் குடிப்பான், நானா எழும்பினால் தானும் எழும்புவான், ஆனால் முழு நேரமும் நானாவைப் பகிடி பண்ணிக்கொண்டிருப்பான். கிறிஸ்ரி சோடி சேர்க்கிறதைப் பற்றி விளங்கப்படுத்த, றிஸ்வான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "அப்ப எங்க ரெண்டு பேரையும் சேத்தே சோடி கட்டி விடுங்க தம்பி. இந்த மனிசன் தனியப் போனா ஊட்டுக்கு வழி தெரியாது."

தனியப் போன நாள்

மாதக் கணக்காக இரண்டு சைக்கிளும் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. கிண்ணியாப் பாலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகிறதைப் பஸ்சில் இருந்து நானே கண்டிருக்கிறேன். றிஸ்வான் எதையோ சொல்லிக்கொண்டு, நௌபர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

அந்தக் காலையில் நௌபர் வேலைக்குப் போகவில்லை. உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. றிஸ்வான் தனியப் போனான். மழைத் தூறல். இந்தச் சைக்கிள்களில் ஒரு பொத்தான் இருக்கிறது. நீளப் பாதையில் கை உளையாமல் இருக்க அதை அமத்தினால் மோட்டர் அதே வேகத்தில் தானே இழுத்துக்கொண்டு போகும், பிறேக்கைத் தொட்டால்தான் விடும். அவன் அதை அமத்தியிருக்கிறான். முன்னால் மணல் ஏற்றின உழவு மெசின் ஒன்று திடீரென்று நின்றிருக்கிறது. அவன் பிறேக்கைப் பிடித்திருக்கிறான். பிறேக் றப்பர் றிம்மைக் கடித்தது. ஆனால் மோட்டர் விடவில்லை, தள்ளிக்கொண்டே போனது. உழவு மெசினின் மணல் பெட்டி இரும்பில் அவன் தலை அடித்தது.

சில நாள் கழித்து அந்த உழவு மெசின்காரர் கடைக்கு வந்தார். ஏச வரவில்லை. யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்திருக்கிறது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. என்ர முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவன் பிறேக்கைப் பிடிச்சவன் அக்கா. விழுந்து கிடக்கேக்கயும் விரல் அதிலதான் இறுகி இருந்தது, நான்தான் ஒவ்வொண்டாக் கழட்டினனான்."

கடை பூட்டின கிழமை

றிஸ்வான் பெரியாஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். சைக்கிள் பொலிசில். எங்கட சந்தியில் இரண்டு விதமாகக் கதைத்தார்கள். பொடியன் வேகமாக வந்தான் என்று சிலர், கடைக்காரன் செய்த வேலை என்று சிலர். திருத்தக் கொடுத்த சைக்கிளை ஒருவர் வந்து திருத்தாமலே உருட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு கிறிஸ்ரி கதவை இழுத்துப் பூட்டினான்.

வீட்டிலும் சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் குசினி வாசலில் குந்தியிருப்பான். முப்பது வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருக்கவா முடியும்? பக்கத்தில் நானும் குந்திக்கொள்ளுவேன். என்ர அவர் ஒருநாள் சத்தம் போட்டார்: "நீ ஒழுங்காத்தானே பூட்டினனி? பிறகென்ன?" நான் செபமாலையை எடுத்தேன். அடிபட்ட பிள்ளை எழும்பவேண்டும் என்றுதான் தொடங்குவேன். முடிக்கும்போது பார்த்தால், ஆண்டவரே என்ர பிள்ளையின் பிழையாக இருக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். பிள்ளை பெற்றவர்களுக்கு இது விளங்கும்.

ஒரு விடியக்காலை அவனே வாயைத் திறந்தான். அந்த இரண்டு சைக்கிளும் ஒரே நாளில் கடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றது அவனுக்கு நல்ல ஞாபகம். றிஸ்வான் சொன்ன பகிடிகூட ஞாபகம். ஒன்றுக்குச் சோடி சேர்க்கும்போது மற்றதின் பற்றறியைக் கழற்றினானா என்பதுதான் ஞாபகம் இல்லை. எத்தனையோ சைக்கிளுக்குச் செய்த வேலை, கை தன்பாட்டில் செய்கிற வேலை. "நீ எப்பவும் கழட்டுறனிதானே அப்பு" என்றேன். அவன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எப்பவும் செய்யிறது எண்டா அண்டைக்கும் செய்தனான் எண்டு ஆர் அம்மா சாட்சி சொல்லுறது?"

இரண்டு சைக்கிளும்

பொலிஸ் சைக்கிளை விட்ட பிறகு அதை ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பிள்ளைகளின் உம்மா கடைக்கு வந்தா. பின்னால் நௌபர் தன் சைக்கிளில். என்ர அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சண்டைக்குத்தான் வருகினம் என்று நினைத்தோம். உம்மா என்னைவிடக் கொஞ்சம் மூப்பு. கிண்ணியாவில் அக்காவை ராத்தா என்பார்கள். "வாங்கோ ராத்தா, இருங்கோ" என்று கதிரையைத் துடைத்து வைத்தேன். அவ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏச வரல்ல தங்கச்சி. புள்ள பிறேக்கைப் புடிச்சான் எண்டு எல்லாரும் சொல்றாங்க. அப்ப ஏன் நிக்கல்ல? எனக்கு அது தெரியணும்" என்றா.

கிறிஸ்ரி உடைந்த சைக்கிளை ஸ்ரான்டில் ஏற்றினான். முன் சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. மோட்டர் இருக்கிற பின்சில்லுக்கு ஒன்றும் இல்லை. கடைப் பற்றறியைக் கொடுத்து ஓடவிட்டான். சில் சுற்றியது. பிறேக்கைக் கொஞ்சம் பிடித்தான். றப்பர் றிம்மில் உரஞ்சுகிற சத்தம் கேட்டது, மோட்டர் நிற்கவில்லை. விட்டுவிட்டு இன்னொரு தரம் பிடித்தான். நிற்கவில்லை. பின்னால் லைற்றும் எரியவில்லை. என்ர அவருடைய சத்தம் வாசலில் இருந்து வந்தது. "கிறிஸ்ரி, இஞ்ச பார். பிடி, திருப்பிப் பிடி." திரும்பிப் பார்த்தோம். வாசலில் ஆளில்லாமல் நின்ற நௌபரின் சைக்கிளில் சிவப்பு லைற் எரிந்தது. கிறிஸ்ரி பிறேக்கை விட்டான்; அணைந்தது. பிடித்தான்; எரிந்தது.

அவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். "நான்தான்," என்றான். "மாறிச் சோடி சேர்த்திட்டன். நான்தான் அம்மா." உம்மா ஒன்றும் விளங்காமல் ஒவ்வொருவருடைய முகமாகப் பார்த்தா. அந்த நேரம் கடைக்குள் உண்மை தெரிந்த ஆள் ஒருவன்தான். அவன் பேசாமல் நின்றிருந்தால் அது அப்படியே போயிருக்கும். என்ர பிள்ளை சாகும் வரைக்கும் அதைச் சுமந்திருப்பான், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நௌபர் தன் மடங்காத விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கிட்ட வந்து கிறிஸ்ரியின் தோளைத் தொட்டான்.

"இல்ல தம்பி. இது என்ட பிறேக். எனக்கு இறுக்கமா இரிந்திச்சு, விரல் மடங்காது. றிஸ்வான்ட கொஞ்சம் இளகல். 'நானா, என்டத எடுங்க' எண்டு அவனே கழட்டி மாத்தித் தந்தான். எங்கட முத்தத்தில வச்சு. கட்டையோட குமிழும் போகும் எண்டு நாங்க யோசிக்கல்ல."

பிறகு கிறிஸ்ரி மெதுவாகச் சொன்னான், எல்லாம் ஒவ்வொன்றாகப் பொருந்தியது. எப்போதும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். சந்தியிலும் வளைவிலும் ஒன்றாகத்தான் பிறேக்கைப் பிடித்தார்கள். நௌபர் பிடித்தது தம்பியின் மோட்டரை நிற்பாட்டினது, றிஸ்வான் பிடித்தது நானாவின் மோட்டரை. இரண்டு பேரும் நின்றார்கள். தன்னை நிற்பாட்டுகிறது தன் கை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தனியப் போன அன்றைக்கு அவன் பிடித்ததைக் கேட்க வேண்டிய சைக்கிள் வீட்டு முற்றத்தில் நின்றது.

நான் கேட்ட செபம் கேட்கப்பட்டுவிட்டது. என்ர பிள்ளையின் பிழை இல்லை. அந்தச் சந்தோசம் எனக்குள் எழும்பினதையும், அது யாருடைய தலையில் இறங்கினது என்று கண்டு நான் குனிந்ததையும் ஆண்டவர் மட்டும் கண்டார். உம்மாவின் கையைப் பிடித்து, "ரெண்டு பேரும் சேர்ந்து போன மட்டும் ஒரு பிழையும் இல்லை ராத்தா, ஆரும் செய்த பிழை இல்லை" என்றேன். அவ தலையை ஆட்டினா. நௌபரைக் கிட்டக் கூப்பிட்டு அவன்ர அந்த விரலைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு சொன்னா: "அண்டைக்கு என்னக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன நீதானே மகன். அப்ப நானும் ஒரு நாள் பொறுத்திருக்கலாம்தானே."

ஜாம் மரத்தடி

றிஸ்வான் கண் திறந்தான். வீட்டுக்கு வந்தான். இடப்பக்கம் அசையாது. கதை வரவில்லை. வாய் ஓயாத பிள்ளை. வலக்கைக்குப் பலம் வர எதையாவது பிடித்துப் பிடித்து விடச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு பந்து கொடுத்தார்கள். அதை எறிந்துவிடுவானாம். நௌபர் உடைந்த சைக்கிளின் ஹாண்டிலை அறுத்து, பிறேக் கட்டையோடு ஒரு துண்டைக் கையில் கொடுத்திருக்கிறான். அதை விடவில்லை. பிடித்துக்கொண்டே கிடந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நானும் கிறிஸ்ரியும் போனோம். கிறிஸ்ரி பையில் சாமான் கொண்டுபோனான். நௌபரின் சைக்கிளில் புதுக் குமிழ் பூட்டி, ஒழுங்காகச் சோடி சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று அவனுக்கு இருந்தது. சைக்கிள் குசினிக்கு நேரே ஜாம் மரத்துக்குக் கீழே நின்றது, பின்பக்கம் வீட்டைப் பார்த்தபடி. பற்றறி பூட்டியபடி. உம்மா எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. கதைத்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கேத்திலை வைத்துவிட்டு எழும்பி அறைக்குள் ஓடினா. ஒரு சத்தமும் கேட்கவில்லையே என்று நான் முற்றத்தைப் பார்த்தேன். ஆளில்லாத சைக்கிளில் சிவப்பு லைற் எரிந்து எரிந்து அணைந்தது.

உள்ளே றிஸ்வான் அந்தப் பிறேக்கைப் பிடித்துத் தண்ணீர் கேட்டிருக்கிறான். உம்மா பருக்கிவிட்டு வந்தா. லைற் நின்றது. கிறிஸ்ரி பையைத் திறக்கவே இல்லை. சாமானை வெளியே எடுக்கவும் இல்லை. நௌபர் வேலைக்கு இப்போது பஸ்சில் போகிறான். அந்தச் சைக்கிளை ஒருவரும் ஓடுகிறதில்லை. போகும்போது நான் கொண்டுபோயிருந்த வட்டப் பற்றறிகளை உம்மாவிடம் கொடுத்தேன். படலை வரைக்கும் வந்த நௌபர் கிறிஸ்ரியின் பையைப் பார்த்துவிட்டு, அவன் என்ன செய்ய வந்தான் என்று விளங்கிக்கொண்டு சொன்னான்: "பிழையான சோடிதான் தம்பி, எனக்கும் தெரியும். ஆனா அதப் பிரிச்சிராதீங்க, அவன் எங்களக் கூப்பிடுறது அதாலதான்."

கடையை மறுபடி திறந்துவிட்டோம். வயர் இல்லாத தொழிலில் எங்களுக்கு வந்த அறிவு இவ்வளவுதான், எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று பிரிகிற நாள் வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் இப்படியான சைக்கிள் இருந்தால், பக்கத்தில் வேறு சைக்கிள் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்த் தனிய நிப்பாட்டி, ஒருக்கால் பிறேக்கைப் பிடித்துப் பாருங்கோ.